அம்மா நினைவுகள்: பூசணம் பிடித்த படங்கள், ஒரு கேசட், நாலு பிள்ளைகள். எதில் தொடங்குவது?

கோத்தகிரி_மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா தவறி ஆறு மாதம் ஆகிறது. வரும் தையில் முதல் தெவசம். அதற்குள், எங்கள் சின்ன வயதில் அம்மா எப்படி இருந்தார் என்பதைப் பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கிற மாதிரி ஒரு சிறு புத்தகமாகச் சேர்க்க நினைக்கிறோம். நாங்கள் நாலு பேர். மூத்த அண்ணன் திருப்பூர், அக்கா சென்னை, நானும் தம்பியும் இங்கேயே.

அம்மா இலங்கை மலைநாட்டில் பிறந்து, சாஸ்திரி ஒப்பந்தத்தில் (மலைநாட்டுத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க இரு நாடும் செய்த ஒப்பந்தம்) தாத்தா பாட்டியோடு சிறுமியாக இந்தியா வந்தவர். பிறகு இங்கே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்.

இருப்பவை: பசைத்தாள் ஆல்பம் ஒன்று, சுவரில் மாட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று (கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது), அம்மா தாலாட்டுப் பாடிய கேசட் ஒன்று (ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது), பழைய பாஸ்போர்ட், பி.எஃப். சீட்டுகள், ஒரு பட்டுச்சேலை, ஒரு கம்பளி சுவெட்டர், அவர் டம்ளர். சமையல் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

எதை முதலில் செய்வது? எதைச் செய்யவே கூடாது?

---

நாடாக்காரன்:

முதலில் கேசட். படம் இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடிக்கும், பூசணம் பிடித்த நாடா அப்படி இருக்காது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அதற்குள் குரலைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

போட்டுக் கேட்டுப் பார்க்கலாமே என்று யாரும் பிளேயரில் தள்ளிவிடாதபடி இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஓரத்தில் பூத்திருக்கும் வெள்ளை நாடாவின் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். மோட்டார் இழுத்தால் கிழியும். அந்தத் தூள் பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) படிந்து அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். அவை போய்விட்டால் தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதியாது.

அடுத்து உலர்த்த வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) துணிப் பையில் கட்டிப் போட்டு, கேசட்டை அதோடு இரண்டு வாரம் வையுங்கள். வெயிலோ அடுப்படியோ ஆகாது, நாடா வளைந்துவிடும். சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். ஈரம் குடித்தால் பச்சையாகும், 110 பாகை ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

உலர்ந்ததும் பூசணம் பொடியாக நிற்கும். என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்களிடமிருந்து அப்பால் போகும் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றினால் கூடு இரண்டாகப் பிரியும். கழற்றும் முன் கட்டாயம் போட்டோ எடுங்கள், நாடா எந்த உருளைக்கு முன்னே, எதற்குப் பின்னே போகிறது என்பது அப்புறம் நினைவிருக்காது. மென்மையான பிரஷ்ஷால் சுற்றின் பக்கவாட்டைத் துடைத்து, ஸ்க்ரூ உள்ள வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்கு இரண்டு சுற்றுகளையும் மாற்றுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பழைய கூட்டில் உதிர்ந்திருக்கும். குரல் மங்கி, விட்டுவிட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். உங்கள் கூட்டில் ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டியிருந்தால் கத்தி வைக்க வேண்டாம், பழக்கமானவரிடம் கொடுங்கள்.

மூடியபின் ஆறுபட்டைப் பென்சிலைச் செருகி, முழு நாடாவையும் கையாலேயே ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் ஒரு வாரம் உலர்த்துங்கள்.

முதல் தடவை ஓடும்போதே பதிவும் ஓட வேண்டும். பழுதான நாடா சில சமயம் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகப் பாடும். பிளேயரின் ஹெட்டையும் அருகிலுள்ள உலோகத் தண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு யு.எஸ்.பி. ஆடியோ பெட்டி வழியாக இணையுங்கள். போனின் மைக் துளையில் செருகாதீர்கள், அது ஒற்றைத் தடம், ஒலியும் வெடிக்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 60 நிமிட கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம், ஏறக்குறைய 500 எம்.பி. பிடிக்கும். 'ச', 'ஷ' ஒலிகள் மழுங்கிக் கேட்டால் ஹெட்டின் ஓரத்திலுள்ள குட்டி ஸ்க்ரூவை மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள், குரல் திறந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கும்.

இரைச்சலை நீக்கும் வேலையைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். மூலத்தில் தொடாதீர்கள். தாலாட்டுக்குப் பின்னால் கேட்கும் தொட்டில் கயிற்றுச் சத்தமும் பக்கத்து வீட்டுப் பேச்சும் அந்த மென்பொருளுக்கு இரைச்சல்தான். உங்களுக்கு அப்படி இல்லை.

---

படப்பெட்டி_குன்னூர்:

நாடாக்காரன் சொன்ன வரிசை சரி. கேசட் டப்பாவில் உலரும் இரண்டு வாரத்தில் படங்களைப் பார்க்கலாம்.

ஆல்பத்திலிருந்து எதையும் உரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே முழுதாகப் படம் எடுங்கள். அம்மா எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பதே ஒரு தகவல். கலைந்தால் திரும்பி வராது. இதற்கு ஸ்கேனர்கூட வேண்டாம், மஞ்சு இறங்கிய பகல் போதும். நிழலே விழாத அந்த வெளிச்சம் நம் மலைக்குக் கிடைத்த வசதி. ஜன்னலோரம் தரையில் ஆல்பத்தை விரித்து, ஃபிளாஷ் அணைத்து, நேர் மேலிருந்து எடுங்கள்.

பசைத்தாள் ஆல்பத்தின் பசை மஞ்சளாகிப் படத்தை அரிக்கும், அதனால் எடுத்தே ஆக வேண்டும். மேலே உள்ள பிளாஸ்டிக் தாளை மெதுவாக விலக்கி, மெழுகு பூசாத பல்லிடை நூலை (டென்டல் ஃபிளாஸ்)ப் படத்தின் மூலைக்குப் பின்னால் விட்டு, அறுப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். படத்தை வளைக்காதீர்கள், வளைக்க வேண்டியது ஆல்பத் தாளைத்தான். வராவிட்டால் தாளின் பின்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில விநாடி காட்டலாம். அப்படியும் வரவில்லையா, படத்தைச் சுற்றித் தாளோடு வெட்டி எடுத்து அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பூசணம் உள்ள படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். பூசணம் அதைத் தின்று செரித்த இடம் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். துடைத்தால் முகம் துணியோடு வந்துவிடும். உலர்த்தி, பிரஷ்ஷால் தட்டி, ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200, நெகட்டிவ் கிடைத்தால் 3200.

கண்ணாடியோடு ஒட்டியதை இழுக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்துப் பிரதி எடுங்கள். பிரதியைச் சுவரில் மாட்டுங்கள், மூலத்தை இறக்கிவிடுங்கள். சாமி படத்தோடு மாட்டி மாலை போடும் படங்களில் நம் ஊரில் வழக்கமாக நடப்பது இது: பூவின் ஈரமும் சந்தனம் குங்குமத்தின் ஈரமும் சட்டத்துக்குள் இறங்கிக் கீழ் ஓரத்திலிருந்து படம் ஊறும். வெளிச்சுவர் என்றால் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். சட்டத்தின் பின்னே கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குல ரப்பர்த் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமையான பகுதியில் நீலமாக உலோகப் பளபளப்புத் தெரிந்தால் அதையும் தேய்க்காதீர்கள். அது மேலே ஏறி வந்த வெள்ளி. நம் ஊட்டியிலேயே 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் செய்தது. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளியால் ஆனவை, ஈரம் அண்டாமல் இருந்தால் நம் எல்லோரையும் விட நீண்ட நாள் வாழும். எண்பதுகளின் கலர்ப் படங்கள்தான் சிவந்துபோய் வெளுப்பவை. அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

பின்பக்கம் எழுத 2பி பென்சில். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும், ஜெல் பேனா ஒட்டி அப்பும். லேமினேஷன் மட்டும் எதற்கும் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது, பிரிக்கவும் முடியாது.

---

கோத்தகிரி_மகள்:

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். கேசட்டை டப்பாவில் வைத்துவிட்டேன்.

நினைவுகளை எழுதுவதுதான் நகரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் "அம்மாவைப் பற்றி எழுதுங்கள்" என்று போட்டேன். எல்லோரும் "பாசமானவர், கடுமையாக உழைத்தவர்" என்கிறார்கள். அக்கா ஒன்று சொன்னால் மற்றவர்களும் அதையே சொல்கிறார்கள்.

---

வாய்மொழி:

குழுவில் கேட்டதால்தான் அப்படி ஆகிறது, தங்கச்சி. ஒருவர் சொன்னதைக் கேட்டபின் மற்றவர் நினைவு அதன் வடிவத்துக்குத் தானாகவே வளைந்துவிடும். அதற்கப்புறம் அவருடையது எது, கேட்டது எது என்று அவராலேயே பிரிக்க முடியாது. குழுவை நிறுத்துங்கள். நாலு பேரும் தனித்தனியாக முதலில் எழுதட்டும், அல்லது போனில் தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். எல்லாம் வந்தபின்தான் ஒன்றாக உட்கார வேண்டும்.

கேள்வியையும் மாற்றுங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்" என்றால் இரங்கல் கூட்டத்தில் சொல்வதுதான் வரும். இடத்தைக் கேளுங்கள். ஒரு முழு வெள்ளைத் தாளில் லைன் வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வரையச் சொல்லுங்கள்: கதவு, அடுப்பு, விறகு அடுக்கிய மூலை, தண்ணீர்க் குடம், யார் எங்கே படுத்தார்கள், அம்மா எங்கே படுத்தார். வரையும்போதே பேச்சு வரும், அதைக் குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள். நாலு பேரின் நாலு வரைபடத்தையும் புத்தகத்தில் போடலாம். அடுப்பு நாலிலும் ஒரே இடத்தில் இருக்காது, அதைத் திருத்தாதீர்கள்.

அதற்கப்புறம் ஒரு நாளைக் கேளுங்கள், வரிசையாக. அம்மா எழும்போது இருட்டா? முதல் சத்தம் எது? பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும்முன் உங்களுக்கு என்ன வைத்துவிட்டுப் போனார்? இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்தால் என்ன வாடை? கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது மடியில் ஏதாவது இருக்குமா? கையில் தேயிலைக் கறை எந்த விரலில்? சம்பள நாளில் எந்தக் கடை? காய்ச்சல் என்றால் என்ன தேய்ப்பார், யாரிடம் தூக்கிப் போவார்? இப்படிக் கேட்டால் "பாசமானவர்" என்ற சொல் இல்லாமலே பாசம் வந்து நிற்கும்.

அம்மா கோபப்பட்டதையும் கட்டாயம் கேளுங்கள். எதற்கு அடித்தார், என்ன சொல்லித் திட்டுவார். திட்டும் சொற்கள் ஒவ்வொரு அம்மாவுக்கும் தனி. பேச்சுவழக்கில், இலங்கை வாடையோடு, அப்படியே எழுதுங்கள். இதை விட்டுவிட்டு எழுதிய நினைவு மலர்கள் எல்லாம் ஒரே அம்மாவைப் பற்றியவை போல இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியது அவர்கள் ஆச்சி.

மூன்று மூன்றரை வயதுக்கு முந்திய நினைவு அநேகமாக யாருக்கும் சொந்தமாக இருக்காது. தம்பி "நான் கைக்குழந்தையாக இருந்தபோது" என்று சொன்னால் அது அவர் கேட்டது. தவறில்லை, ஓரத்தில் 'கண்டது', 'கேட்டது' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வருடம் பிடிக்க வேண்டுமா? "எந்த வருசம்" என்று கேட்காமல் "எந்த வகுப்பு, எந்த டீச்சர்" என்று கேளுங்கள். 1993 நவம்பர் மரப்பாலம் நிலச்சரிவு, 2009 நவம்பர் பெருமழை இரண்டும் நீலகிரியில் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதற்கு முன்னா பின்னா என்று கேட்கலாம். பி.எஃப். சீட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதி இருக்கும். அது ஒன்று கிடைத்தால் பாதிக் கணக்கு நேராகிவிடும்.

அம்மாவின் சொந்தச் சின்ன வயதுக்கு வழி அந்த பாஸ்போர்ட். 1964 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் குடும்பங்கள் வந்தது பல வருடங்களில் பரவி நடந்தது. எனவே 64 என்று எழுதிவிடாதீர்கள், முத்திரைத் தேதியைப் பாருங்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம் என்பது பலருக்குப் பொதுவான பாதை. அம்மாவின் அண்ணன் அக்கா யாராவது இருந்தால் முகாமில் எத்தனை நாள், என்ன சாப்பாடு, குளிருக்குப் பழகிய பிள்ளைகள் அந்த வெக்கையை எப்படித் தாங்கினார்கள் என்று கேளுங்கள். மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டையும் எழுதி வையுங்கள். பிற்பாடு தேடுகிற பேரனுக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதாது.

வீட்டுக்கு வெளியேயும் கேளுங்கள். அம்மாவோடு பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள், பிள்ளைக் காப்பக ஆயா. நீங்கள் காப்பகத்தில் இருந்த நேரத்து அம்மாவை நீங்கள் பார்த்ததே இல்லை, அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வயதானவர்களிடம் ஒரு அமர்வுக்கு 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள். தகரக்கூரையில் மழை அடித்தால் அன்றைக்குப் பேசிவிட்டு மட்டும் வாருங்கள், பதிவு தேறாது.

---

பேரிக்காய்த்தோட்டம்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். துணியும் சமையலும் மட்டும் சொல்கிறேன்.

சுவெட்டரில் சின்ன ஓட்டைகள் தெரிகிறதா பாருங்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 பாகை டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை வரை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருந்தால் வியர்வை பைக்கு வெளியே பூக்கும், உடனே பிரித்தால் கம்பளியில் பூக்கும். அம்மாவின் வாடை இருக்கிற துணி ஒன்றையாவது துவைக்காமல், நன்றாக உலர்ந்தபின் மூடி இறுகும் கண்ணாடி ஜாடியில் வையுங்கள். அடிக்கடி திறந்தால் போய்விடும்.

பட்டுச்சேலையைத் துவைத்த மல் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடிப்பிலேயே ஜரிகை அறும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும்.

சமையலுக்கு அந்த டம்ளர்தான் சாவி. தராசில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். காலி டம்ளரின் எடையைக் கழித்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அம்மா "ஒரு டம்ளர் மாவு" என்றது இனி அளவாகிவிடும்.

உங்கள் வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தொடக்க அளவு: கோதுமை மாவோ மைதாவோ 2 கப், துருவிய தேங்காய் முக்கால் கப், உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய முக்கால் கப். அரை மணி நேரம் மூடி வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, எண்ணெய் இல்லாமல் இரும்புக் கல்லில் நடுத்தரத் தணல். தேங்காய் அதிகமானால் உடையும், கல் காயாமல் போட்டால் வறண்டு தோல் போலாகும். சம்பலுக்கு அம்மியில் காய்ந்த மிளகாய் 6, உப்பு முதலில். பிறகு சின்ன வெங்காயம் 6. தேங்காய் ஒரு கப் கடைசியில், நசுங்கினால் போதும், மசியக்கூடாது. எலுமிச்சை பாதி. மிக்ஸியில் தேங்காய் எண்ணெய் விட்டுத் துவையலாகிவிடும், "அம்மா செய்தது மாதிரி இல்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி புகை. கவாத்து விறகில் (வெட்டிய தேயிலைச் செடிக் கிளை) சுட்டதா, தைலமர விறகிலா என்று தம்பியிடம் கேளுங்கள்.

நாலு பேரும் ருசி பார்த்து, பேசாமல், குறைவதை ஆளுக்கொரு சீட்டில் எழுதட்டும். அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் வந்தது என்று தெரியாது.

சென்னை அக்காவுக்குத் தனிக் குறிப்பு எழுதுங்கள். கோத்தகிரியில் தண்ணீர் 94 பாகையில் கொதிக்கும், ஊட்டியில் 92, 93. சென்னையில் 100. அம்மா டீத்தூளைக் கொதிக்கவிட்ட அதே நேரம் சென்னையில் கொதிக்கவிட்டால் கசக்கும், குறைக்க வேண்டும். பருப்பு அங்கே சீக்கிரம் வேகும். ஆப்பம், இட்லி மாவு இங்கே அடுப்படியில் போர்த்திவைத்தும் 16 மணி நேரம் எடுக்கும், சென்னையில் எட்டு. பூண்டையும் பல் கணக்கில் எழுதாதீர்கள், கிராமில் எழுதுங்கள். மலைப்பூண்டின் காரம் சந்தைப் பூண்டுக்கு வராது.

---

கோத்தகிரி_மகள்:

வீட்டு வரைபடம் கேட்டதும் தம்பி இரண்டு பக்கம் அனுப்பிவிட்டான். அண்ணன் மட்டும் "இப்போது வேண்டாம்" என்கிறார். இன்னொன்று, கேசட்டில் உள்ள தாலாட்டை எப்படி எழுதுவது? அச்சுக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

---

வாய்மொழி:

அண்ணனை வற்புறுத்தாதீர்கள். மூத்தவர்தான் அம்மாவின் இளவயதைப் பார்த்தவர், அந்தப் பாரமும் அவருக்குத்தான். கேள்வி எதுவும் இல்லாமல், ஸ்கேன் செய்த ஒரே ஒரு பழைய படத்தை அனுப்புங்கள். "இது எந்த இடம் அண்ணா" என்று மட்டும். பதில் வராவிட்டாலும் புத்தகத்தில் அவர் பெயரில் இரண்டு வெற்றுப் பக்கம் விடுங்கள், தெவசத்துக்கு அப்புறம்கூட எழுதலாம்.

தாலாட்டைக் காதில் விழுந்தபடி எழுதுங்கள். "கண்ணுறங்கு" என்று அவர் பாடாமல் "கண்ணொறங்கு" என்று பாடியிருந்தால் அதுதான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிமிடம், விநாடி. புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் புள்ளிகள் வையுங்கள், சித்தி பெரியம்மாவுக்கு அந்த வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். மாமன் பெயர், ஊர்ப் பெயர் வரும் வரிகளை விடாதீர்கள். தாலாட்டில் அங்கேதான் குடும்பம் இருக்கும்.

---

படப்பெட்டி_குன்னூர்:

அச்சுக்கு: ஏ5 அளவு, பக்க எண்ணிக்கை நாலின் மடங்கு, 48 பக்கம் தாராளம். எழுத்து 13 புள்ளிக்குக் குறையாமல். படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கச் சம்மதிக்காதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து நடுப்பக்கம் பழுப்பாகும். நூல் தையல் கேளுங்கள். கேட்டால் செய்து தருவார்கள், கொஞ்சம் கூடுதலாகும்.

ஃபைல்கள் மூன்று பிரதி: உங்களிடம் ஹார்ட் டிஸ்க் ஒன்று, திருப்பூரிலோ சென்னையிலோ ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். சி.டி. வேண்டாம், அதிலும் நம் ஊரில் பூசணம் பிடிக்கும். ஃபைல் பெயரில் வருடம், இடம், ஆள் மூன்றும் இருக்கட்டும். வருடம் உறுதி இல்லையென்றால் '198x' என்று போடுங்கள், ஊகத்தை முழு எண்ணாக எழுதினால் பத்து வருடத்தில் அதுவே உண்மையாகிவிடும்.

ஆல்பத்தில் இருந்து எடுத்த மூலப் படங்களை அமிலமில்லாத தாள் உறையில் ஒவ்வொன்றாக வைத்து, மூடி உள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, தரைக்கு மேல் ஒரு அடியாவது உயரத்தில், உள்சுவர்ப் பக்க அலமாரியில் வையுங்கள். மாசி, பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். ஆடியிலும் ஐப்பசியிலும் திறக்காதீர்கள்.